மூன்று கொட்டகை, ஒரே எஞ்சின்

பழைய மோட்டார் சைக்கிள்களைத் துடைத்து மெருகேற்றி வரிசையாக நிறுத்தியிருந்த மைதானத்தில், போன மாதம் இரண்டு பெரிய மனிதர்கள் கைகலக்காத குறையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சிவப்பு டேங்க் கட்சி, இன்னொருவர் பச்சை டேங்க் கட்சி. "இந்த எஞ்சினுக்கு அந்தக் காலத்துல ஈடு இணையே கிடையாது சார்" என்றார் சிவப்பு. "உங்க எஞ்சின் மேட்டைப் பார்த்தாலே இருமும், எங்களுது பாடும்" என்றார் பச்சை. பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த என் சித்திக்குச் சிரிப்பு தாங்காமல் புரையேறிவிட்டது. நான் தலையில் தட்டினேன்.

"ரெண்டும் ஒரே லாரியில வந்த எஞ்சின்டி," என்றாள் என் காதோடு. "சொல்லித் தொலைச்சிடாதே. பாவம், எவ்வளவு சந்தோஷமா சண்டை போடறாங்க."

இந்தச் சித்தி என் அம்மாவின் தங்கை. மோட்டார் சைக்கிள் சரித்திரம் எழுதுகிறவர்கள் டேங்கில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்த டேங்கைத் தொடையால் இறுக்கிப் பிடித்து, வண்டி ஓடுமா ஓடாதா என்று முதலில் பார்த்தவள் யார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு. சித்திக்கு இல்லை. அவளுக்குக் கோபப்பட நேரமே இருந்ததில்லை.

அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள் செய்யப் பெரிய தொழிற்சாலை எதுவும் வேண்டியதில்லை. எஞ்சினை ஒரு கம்பெனி செய்யும். கியர் பாக்ஸை இன்னொரு கம்பெனி செய்யும். விளக்கு, செயின், டயர் எல்லாம் கடையில் கிடைக்கும். ஃப்ரேமை வளைத்து, டேங்கைத் தட்டி, பெயின்ட் அடித்து, எல்லாவற்றையும் கோத்து, மேலே தன் பெயரைப் போட்டுக்கொண்டால் அவனும் ஒரு மோட்டார் சைக்கிள் முதலாளிதான். சித்தி வாழ்க்கைப்பட்டுப் போன தெருவில் அப்படி மூன்று முதலாளிகள் இருந்தார்கள். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு தகரக் கொட்டகை, தலைக்கனம் மட்டும் அரண்மனை அளவுக்கு.

முதல் கொட்டகை என் சித்தப்பாவுடையது. அவர் தகர வேலைக்காரர். வாளியும் டிரங்குப் பெட்டியும் செய்துகொண்டிருந்தவர் டேங்க் தட்ட ஆரம்பித்து, அப்படியே வண்டியில் வந்து நின்றார். அவர் தட்டிய டேங்கில் முகம் பார்த்துத் தலை வாரலாம். எதிர்க் கொட்டகைக்காரர் அதற்கு முன் இரும்புக் கட்டில் செய்தவர்; ஆள் நல்ல உயரம், தெருவே அவரைக் கட்டில்காரர் என்றுதான் கூப்பிடும். அவர் ஃப்ரேம் மேல் யானை ஏறி நின்றாலும் வளையாது, ஆனால் தூக்குவதற்கும் ஒரு யானை வேண்டும். கடைசிக் கொட்டகைக்காரர் ஆலைகளுக்குப் பல்சக்கரம் வெட்டிக் கொடுத்தவர். ஒல்லியான மனிதர், வாயைத் திறந்தால் குறைதான் வரும். அவருக்குப் பல்சக்கரம் என்றே பெயர்.

மூன்று பேருக்கும் எஞ்சின் ஒரே கம்பெனியில் இருந்துதான் வரும். தனித்தனி லாரி வைத்தால் கட்டுப்படியாகாது என்பதால் மாதம் ஒரே லாரி. அதில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வெவ்வேறு நீளமுள்ள மூன்று போல்ட்டுகளைக் கட்டில்காரரின் துணிப்பையில் போட்டுக் குலுக்கி, ஆளுக்கொன்று எடுப்பார்கள். நீள போல்ட் வந்தவருக்கு முதல் பெட்டி. எல்லாம் ஆணி அடித்து மூடிய மரப்பெட்டிகள், உள்ளே இருப்பது ஒரே அச்சில் வார்த்த ஒரே எஞ்சின். ஆனாலும் பல்சக்கரம் ஒவ்வொரு பெட்டியையும் தட்டித் தட்டிப் பார்ப்பார், கட்டில்காரர் மோந்து பார்ப்பார், என் சித்தப்பா மேலே ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். எடுத்து முடித்த பிறகு மூவருக்கும் ஒரே வயிற்றெரிச்சல்: நல்லதை அடுத்தவன் கொண்டுபோய்விட்டான்.

பெட்டியைப் பிரித்ததும் செய்கிற முதல் காரியம், எஞ்சின் மேல் இருக்கும் கம்பெனிப் பெயரை அரத்தால் ராவி எடுப்பது. வாங்க வருகிறவரிடம் "இது நம்ம எஞ்சின்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேண்டுமே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் மூன்றும், ஒன்றை ஒன்று பார்த்து நாறுகிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தன.

சித்தப்பாவுக்கு ஒரு வியாதி இருந்தது. வண்டி செய்யத் தெரியும், ஓட்ட பயம். எப்போதோ ஒருமுறை விழுந்திருக்கிறார். அதிலிருந்து நடக்கிற வேகத்துக்கு மேல் போனால் கண்ணை இறுக மூடிவிடுவார். வேகமாகப் போகும்போது கண்ணை மூடுகிறவரை நம்பி வண்டியைக் கொடுக்க முடியுமா? கல்யாணமான புதிதில் ஒருநாள், செய்து முடித்த வண்டியை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றவரிடம் சித்தி கேட்டாள், "நான் ஓட்டிப் பார்க்கட்டுமாங்க?" அவர் சிரித்தார். சித்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். தெருக்கோடி வரை போய் அங்கே ஒரு குப்பைத்தொட்டியில் முட்டி, எழுந்து, திரும்பி வந்து, "பின் பிரேக் சரியா பிடிக்கலை," என்றாள். குற்றம் பிரேக்குடையதா அவளுடையதா என்று இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து அந்தக் கொட்டகையை விட்டு வெளியே போன ஒவ்வொரு வண்டியும் சித்தி ஓட்டிப் பார்த்து, "ம், போகட்டும்" என்று சொன்ன பிறகே போனது.

விடிந்ததும் ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்புவாள். அந்த நேரம் மட்டும்தான் அவளுக்கு முழுக்க அவளுடையது. "அடுப்பு, துணி, உங்க சித்தப்பாவோட புலம்பல் எல்லாத்தையும் பாலத்துக்கு இந்தப் பக்கமே விட்டுட்டுப் போவேன்டி," என்பாள். வண்டி மேல் அவளுக்கு இருந்தது ஆசை இல்லை, அதற்கும் மேலே. சாப்பாடு மாதிரி அது அவளுக்கு வேண்டியிருந்தது.

இப்படி வருஷங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு மாதம் லாரி டிரைவர் பெட்டிகளை இறக்கிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இதுதான் கடைசி லோடுங்க," என்றார். "கம்பெனியே சொந்தமா மோட்டார் சைக்கிள் செய்யப் போகுதாம். வெளியாளுக்கு இனிமே வண்டி எஞ்சின் கிடையாதாம்."

அன்றைக்குப் பையில் போட்ட போல்ட்டை யாரும் எடுக்கவில்லை. பல்சக்கரம் மட்டும், "எனக்கு முன்னாடியே தெரியும்," என்றார். அவருக்கு எல்லாமே முன்னாடியே தெரியும்.

கொஞ்ச நாளில் சித்தப்பாவைத் தேடி ஒரு வேலை வந்தது. அதே கம்பெனி பெரிய நகரத்தில் விற்பனைக் கடை திறந்திருந்தது. அங்கே உதிரிபாகங்கள் வைக்கும் அறைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்; மாதச் சம்பளம், கடைக்கு மேலேயே மூன்றாவது மாடியில் வீடு. அடுத்த மாதம் முதல் தேதி வந்து சேர வேண்டும் என்றார்கள். சித்தப்பா தூக்கத்திலும் பெருமூச்சு விட ஆரம்பித்தார்.

"வேற வழி என்னம்மா இருக்கு?" என்றார் சித்தியிடம். "எஞ்சின் இல்லாத வண்டியை வச்சுக்கிட்டு நான் என்ன, உருட்டியா விக்கிறது?"

மூன்றாவது மாடியில் சட்டி கழுவிக்கொண்டு, கீழே அடுத்தவர்கள் ஓட்டிப்போகும் வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு காலம் தள்ள வேண்டும் என்று நினைத்தபோது தனக்கு மூச்சு முட்டியது என்று சித்தி என்னிடம் பிறகு சொல்லியிருக்கிறாள். அவரிடம் சொல்லவில்லை. நொந்து போன மனுஷனை மேலும் நோகடிப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டு கடைக்குக் காய் வாங்கப் போனாள்.

போகிற வழியில் ஒரு கட்டடத்துக்குக் குழி தோண்டியிருந்தார்கள். குழியில் ஊறிய தண்ணீரை ஒரு பம்பு இறைத்துக்கொண்டிருந்தது. சித்தி காய்ப் பையோடு அப்படியே நின்றாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம். கொஞ்சம் தொண்டை கட்டியிருந்தது, அவ்வளவுதான். குனிந்து பார்த்தாள். அதே கம்பெனி, அதே சிலிண்டர்.

"இது எங்க வாங்கினீங்கண்ணா?" என்று பம்புக்காரரிடம் கேட்டாள்.

"கடையிலதான். யார் கேட்டாலும் கொடுப்பான். பம்பு எஞ்சின்தானேம்மா!"

காய் வாங்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

சித்தப்பா பம்பு எஞ்சின் ஒன்றை வாங்கி, போர்வை போர்த்திக் கொண்டுவந்தார். எதிர்க் கொட்டகைக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். கதவைச் சாத்திக்கொண்டு வேலை நடந்தது. எஞ்சின் கனம், தேர்வடம் பிடிக்கிற மாதிரி இழுத்து ஃப்ரேமில் உட்கார வைத்தார்கள். செயினை மாட்டினார்கள். சித்தி ஏறி உட்கார்ந்து உதைத்தாள். பிடித்துக்கொண்டது! சித்தப்பா கைகூப்பிவிட்டார். சித்தி கியரைப் போட்டு மெதுவாகக் கிளட்சை விட்டாள்.

வண்டி பின்னால் போனது.

பின்னால் என்றால் சும்மா இல்லை. பெயின்ட் டப்பாக்களைச் சாய்த்து, இரும்பு வேலை மேசையையும் தள்ளிக்கொண்டு போய், கொட்டகையை ஒட்டியிருந்த சமையலறைச் சுவரில் மோதி, செங்கல்லைப் பெயர்த்துக் குழம்புச் சட்டியில் போட்ட பிறகே நின்றது. தூசிக்குள்ளிருந்து சித்தியின் குரல் கேட்டது: "எனக்கு ஒண்ணுமில்லைங்க. குழம்புதான் போச்சு."

பம்பு எஞ்சின் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிற ஜாதி. பம்புக்கு அதுதான் தோது. செயின் வழியாகச் சக்கரத்துக்குப் போனால் சக்கரமும் எதிர்ப்பக்கம்தானே சுற்றும்! எஞ்சினைத் திருப்பி வைத்துப் பார்த்தார்; செயின் மாட்டுகிற தண்டு தப்பான பக்கம் வந்து நின்றது. சித்தப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இந்தக் கூத்து வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்," என்றார். "முதல்ல சுவரைப் பூசணும். எதிர்ல இருக்கறவன் பார்த்தா வருஷம் பூரா சிரிப்பான்."

மறுநாள் காலையில் சித்தி செங்கல் சூளைக்குப் போனாள். அங்கே பல்சக்கரம் ஏற்கெனவே செங்கல் எண்ணிக்கொண்டிருந்தார். சித்தியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எதுக்குண்ணா செங்கல்?" என்றாள் சித்தி.

"குளியலறைச் சுவர்ல எலி ஓட்டை போட்டுருச்சு."

"செங்கல்லையே பேர்க்கிற எலியா?"

அவர் பதில் சொல்வதற்குள் கட்டில்காரர் தள்ளுவண்டியோடு உள்ளே வந்தார். முட்டியில் பெரிய கட்டு. இரண்டு பேரையும் பார்த்ததும், வந்த வழியே தள்ளுவண்டியைத் திருப்பினார். சித்திக்குப் பொறி தட்டிவிட்டது.

"அண்ணா, நில்லுங்க. உங்க வீட்டு எலியும் பின்பக்கமாத்தான் ஓடுச்சா?"

முதலில் கட்டில்காரரின் தொந்தி குலுங்க ஆரம்பித்தது. சித்தி செங்கல் அடுக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பல்சக்கரம் மட்டும் சிரிக்காமல், "எனக்கு முன்னாடியே தெரியும்," என்றார். மூன்று பேரும் அடுத்தவனுக்குத் தெரியாமல் அதே பம்பு எஞ்சினை வாங்கி, அதே மாதிரி மாட்டி, அதே மாதிரி சுவரை இடித்திருக்கிறார்கள்! இந்த மூன்று மகான்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது.

சிரித்து முடித்ததும் சித்தி செங்கல் மேலேயே உட்கார்ந்தாள். "இனிமே மறைக்க என்ன இருக்கு? தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. சொல்லுங்க, யாருக்கு எது சரியா வரலை?"

கட்டில்காரருடைய ஃப்ரேம் அந்தக் கனத்தை அலட்டாமல் தாங்கியிருக்கிறது. ஆனால் ஃப்ரேமின் தடித்த குழாய்கள் காற்றை மறித்ததால் எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. பல்சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றுவதைத் திருப்பும் வழி தெரிந்திருந்தது: செயினை எடுத்துவிட்டு, ஒன்றோடு ஒன்று பல் கடிக்கும் இரண்டு சக்கரங்களைப் போட்டால், ஒன்று இடப்பக்கம் சுற்றினால் மற்றது வலப்பக்கம் சுற்றும். சக்கரமும் வெட்டிவிட்டார், மாட்டுவதற்குள் அவருடைய மெல்லிய ஃப்ரேம் வளைந்துவிட்டது.

"காத்து போக வழி நான் பண்ணுவேன்னு எங்க வீட்டுக்காரர் சொல்வார்," என்றாள் சித்தி. "தகரத்துல கூண்டு கட்டி முன்னாடியிலிருந்து காத்தைத் திருப்பிவிடலாம்." வீட்டுக்காரர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்லவைத்துவிடலாம் என்ற தைரியம்தான்.

"ஆனா அந்த எஞ்சின் வேகம் எடுக்காதே தங்கச்சி," என்றார் கட்டில்காரர். "பம்புக்குச் செஞ்சது. ஒரு அளவுக்கு மேல சுத்த விடாது. யாரு வாங்குவா?"

"வேகம் யாருக்குண்ணா வேணும்? நேத்து என்னையும் மேசையையும் சேர்த்து இழுத்துட்டுப் போச்சு. மேசையை நாலு பேர் சேர்ந்துதான் அசைக்க முடியும். பக்கத்துல ஒரு சக்கரம், ஒரு பெட்டி வச்சு மூட்டையை ஏத்துவோம்."

அன்று மாலை, வருஷக்கணக்கில் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காத மூன்று பேரும் கட்டில்காரர் கொட்டகையில் கூடினார்கள். கூடிய உடனே சண்டை. எஞ்சினை எந்த உயரத்தில் வைப்பது, பெட்டி இடமா வலமா, பெயின்ட் சிவப்பா பச்சையா. பெரிய சண்டை டேங்கில் யார் பெயர் என்பதில் வந்தது. சித்தப்பா சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்பியே விட்டார். சித்தி வாசலில் மறித்துக்கொண்டாள்.

"பொறக்காத பிள்ளைக்கு ஏன் அடிச்சுக்கறீங்க? முதல்ல வண்டி ரொட்டிக்கடை மேடு ஏறட்டும். அப்புறம் பேர் வைக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "ஏறலைன்னா நானே மூட்டையைக் கட்டறேன். மூணாவது மாடிக்குச் சிரிச்ச முகத்தோட வர்றேன். இது சத்தியம்."

அவர் திரும்பிப் போய்ச் சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

அந்த ஊரில் கீழே மாவு ஆலை, மேட்டு உச்சியில் ரொட்டிக்கடை. நடுவில் செங்குத்தான கல் பாவிய தெரு. தினமும் மாவு மூட்டைகளை ஆட்கள் தள்ளுவண்டியில் மூச்சிரைக்க ஏற்றுவார்கள். வண்டி ஒருவழியாகத் தயாரானதும் ரொட்டிக்கடை முதலாளியிடம் சித்தி போய்ப் பேசினாள். அவர் இரண்டே வார்த்தையில் முடித்தார். "ஏத்திக் காட்டுங்க." மாதம் முடிய ஒரு நாள் இருந்தது. வீட்டில் பாத்திரங்களை ஏற்கெனவே பெட்டியில் போட்டாகிவிட்டது.

மாதத்தின் கடைசி நாள் காலையில் பெட்டி நிறைய மாவு மூட்டைகளை அடுக்கினார்கள். வண்டி பார்க்க லட்சணமாக இல்லை. கட்டிலுக்கும் வாளிக்கும் பிறந்த மாதிரி இருந்தது. சித்தி உதைத்தாள், கிளட்சை விட்டாள். வண்டி முன்னால் நகர்ந்தது. பின்னால் மூன்று முதலாளிகளும் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். தெருவில் சன்னல்கள் திறந்தன.

பாதி மேடு வரை ஒரு குறையும் இல்லை. அங்கே சந்திலிருந்து ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்து நின்றது. சித்தி பிரேக்கை மிதிக்க வேண்டியதாயிற்று. சுமையோடு, மேட்டின் நடுவில், நின்றுவிட்டாள். ஓடுகிற வண்டி ஏறுவது பெரிய விஷயமில்லை. நின்ற வண்டி மேட்டில் மறுபடி கிளம்ப வேண்டும். கிளம்பும்போது எஞ்சின் அணைந்தால் மூட்டைகளின் கனம் அவளைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். கீழே மூன்று பேரும் நிற்கிறார்கள்.

"விட்டுடும்மா, இறங்கிடு!" என்று கத்தினார் சித்தப்பா. "மேடும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், நீ இறங்கு!"

"தள்ளி நில்லுங்க!" என்று சித்தி திரும்பாமலே கத்தினாள்.

கிளட்சை மயிரிழையாக விட்டாள். எஞ்சின் சத்தம் தாழ்ந்தது, இன்னும் தாழ்ந்தது, முனகலாகிவிட்டது. பின்சக்கரம் விரலளவு கீழே வழுக்கியது. பம்பு எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. பாரம் ஏறினால் தானே பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். குழியில் தண்ணீர் எவ்வளவு கனத்தாலும் நிற்காமல் இறைக்க வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் வைத்த குணம். சித்தி ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் காத்திருந்தாள். முனகல் நின்று ஒரு உறுமல் வந்தது. வண்டி ஆடி, அசைந்து, ஏறியது.

உச்சியில் மூட்டைகளை இறக்கினார்கள். ரொட்டிக்கடை முதலாளி வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். எஞ்சின் யாருடையது என்று கேட்டார். பழக்க தோஷத்தில் மூன்று பேரும் வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டார்கள். கட்டில்காரர்தான் சொன்னார்: "பம்பு எஞ்சினுங்க. வண்டி எங்க மூணு பேரோடது."

"அஞ்சு செஞ்சு கொடுங்க," என்றார் முதலாளி.

கட்டில்காரர் பல்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். பல்சக்கரம் காற்றில் காலை உதறிக்கொண்டு இறக்கிவிடச் சொல்லிக் கத்தினார், ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. சித்தப்பா மட்டும் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். சித்தி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அஞ்சு வண்டிதானேம்மா," என்றார் சித்தப்பா. "மூணு குடும்பம் சாப்பிடணும். அங்க போனா மாசம் பொறந்தா சம்பளம்."

"ஆமாங்க."

"இந்த அஞ்சை முடிச்சுட்டு என்ன பண்றது?"

"ஆறாவது பண்றது."

அவர் எழுந்து கடைக்குள் போய், ஒரு போன் பண்ணிக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டார். அந்தப் பெரிய கம்பெனியின் விற்பனைக் கடையைப் பிடித்தார். போனில் கத்திப் பேசுகிற பழக்கம் அவருக்கு. வெளியே தெருவில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"நாளைக்கு வந்து சேர்றதா சொல்லியிருந்தேன் சார். வரலை சார்... இல்ல சார், சம்பளம் எல்லாம் குறைச்சல் இல்லை. உடம்பும் நல்லாத்தான் சார் இருக்கு." மறுமுனை என்னவோ கேட்டது. "எனக்கு இங்க வேலை இருக்கு சார்."

மேட்டின் நடுவில் நின்றபோது கலங்காத சித்தி, காலி மாவுச் சாக்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.